கட்டைவிரலால் மறையாத கட்டம்

"உங்களைக் கூப்பிட்டது கையெழுத்துப் போட. கேள்வி கேக்க இல்ல."

முதலாளி பேனாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அது உருண்டு வந்து என் முழங்கையில் இடித்து நின்றது.

மேஜையில் மூன்று தாள்கள். முதலாவது, நான் எழுதியதாக அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்த அறிக்கை. இரண்டாவது, ஒரு லேபிளின் புரூப், அதாவது அச்சு மாதிரி. மூன்றாவது, ஒரு சான்றிதழும் அதோடு பின் செய்த போட்டோவும்.

மணி பதினொன்று. நாலு மணிக்கு அரசு அதிகாரி வருவார். அவர் வரும்போது அறிக்கையில் வெளியாள் ஒருவரின் கையெழுத்து இருக்க வேண்டும். விதி அப்படி. அது விழுந்ததும் டிசைனர் பெண்ணைப் போலீஸ் வண்டியில் ஏற்றுவார்கள். டிசைனர் முதலாளியின் கூடப் பிறந்தவள்.

"சொந்தத் தங்கச்சி" என்றேன்.

"அதனாலதான் ஏ.சி. ரூம்ல உட்கார வச்சிருக்கேன். வேற யாராவதா இருந்தா நடக்கிறதே வேற."

பக்கத்தில் நின்ற கண்டக்டர் தொண்டையைச் செருமினார். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்றபின், விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதும் எனக்கு உதவியாளர். வயதில் எனக்கு அப்பா மாதிரி. வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

"பாசம்தான் தம்பி. ஜெயில்ல ஏ.சி. கிடையாதேன்னு இப்பவே சேர்த்துக் கொடுக்கிறாரு."

முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் சுவரில் பல்லி இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

தொழிற்சாலை தயாரிப்பது குழாய் அடைப்பை நீக்கும் தூள். தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும். காலி பாட்டிலை எப்படித் தூக்கிப் போட வேண்டும் என்று லேபிளில் உள்ள கியூஆர் கட்டம் சொல்ல வேண்டும். போனைக் காட்டினால் போன் வாசிக்கும். நெட் கிடைக்காத இடத்திலும் வாசிக்க வேண்டும் என்பதற்காக, வாசகத்தைக் கட்டத்துக்குள்ளேயே அடைத்து அச்சடிக்கிறார்கள். அடித்தது அடித்ததுதான். பிறகு மாற்ற முடியாது.

மாறிக்கொண்டே இருந்தது விதி. முதல் உத்தரவு, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் போடு என்றது. இரண்டாவது, ஊற்றாதே என்றது. மூன்றாவது, ஊற்று. மே மாதம் வந்த நாலாவது, ஊற்றவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது.

நாலு நாளுக்கு முன்னால், குப்பை தரம் பிரிக்கும் யார்டில் ஒரு பெண் பாட்டிலைப் போனிடம் காட்டினாள். போன் ஊற்றச் சொன்னது. ஊற்றினாள். இப்போது இரண்டு கண்ணிலும் கட்டு.

"பழைய லேபிள் எதுவும் வெளிய போகலையே?" என்று கேட்டேன்.

பதில் சுவரோரத்திலிருந்து வந்தது. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. குடோன் அவர் பொறுப்பு. தொழிற்சாலையில் எல்லோருக்குமே அவர் மச்சான்தான்.

"மே ஆறாம் தேதி மொத்தத்தையும் கிழிச்சாச்சு. சர்டிபிகேட் இருக்கு. போட்டோ இருக்கு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

போட்டோவில் கூடை கூடையாகக் காகிதக் கீற்றுகள். சிவப்பு, நீலம், மஞ்சள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அம்சமா இருக்கே. பர்த்டே பார்ட்டிக்குத் தொங்க விடலாம்."

"யோவ்" என்றார் மச்சான்.

பழைய லேபிள் இல்லையென்றால் தப்பு ஜூன் மாதப் புது அச்சில். புது அச்சின் பைல் டிசைனரின் கம்ப்யூட்டரில். அதைத் திறந்தால் பழைய வாசகம். அந்தப் பைலின் அசல் அளவுப் பிரதிதான் மேஜையில் இருந்த புரூப். கண்டக்டர் தன் போனை அதன்மேல் பிடித்தார். ஒரு பெண் குரல் வாசித்தது.

"மூடியைத் திறக்கவும். தண்ணீர் ஊற்றவும். நன்றாகக் குலுக்கவும். நீலத் தொட்டியில் போடவும்."

வாசித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தது. குரலை நிறுத்தக் கண்டக்டர் கட்டத்தைக் கட்டைவிரலால் பொத்தினார். நகத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டம் எட்டிப் பார்த்தது. குரலும் நிற்கவில்லை.

"இவ்வளவு பெருசா இருந்தா மனுஷன் எப்படி மறைக்கிறது?"

"அதுவும் நாலாவது உத்தரவு" என்றார் முதலாளி. "கட்டம் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கணும். முன்னாடி ஒண்ணேகால்தான். பாடம் முடிஞ்சுதா? போடறீங்களா?"

அறிக்கையின் ஆறாவது வரியில் விரல் வைத்தேன். 'சம்பந்தப்பட்ட பாட்டிலை நேரில் பார்த்தேன்.'

"நான் பார்க்கல."

"யாருமே கையில வாங்கிப் பார்க்கல. அந்த யார்டுக்காரி தர மாட்டேங்கிறா. அதிகாரியே போட்டோ எடுத்துட்டுத்தான் போனாரு."

"பார்த்துட்டு வந்து போடறேன்."

"நாலு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் வேற ஆள் இருக்கான். உங்களை மாதிரி ஆயிரம் பேரு."

"இருப்பாங்க சார்" என்றார் கண்டக்டர். "ஆயிரம் பேர் ஏறுவாங்க. சரியான சில்லறை ஒருத்தன்கிட்டதான் இருக்கும்."

தங்கை கண்ணாடி அறைக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க போட்ட கட்டமா?"

"ஆமா."

"எப்படித் தப்பாச்சு?"

"பழைய வாசகத்தை எடுத்துப் புது லேபிள்ல வச்சுட்டேன். தூக்கக் கலக்கம். போதுமா? எழுதிக்கிட்டுக் கிளம்புங்க."

"உங்க அண்ணன்…"

"அந்த ஆளைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க."

வெளியே வந்ததும் கண்டக்டர் தலையைச் சொறிந்தார்.

"இருபத்தெட்டு வருஷத்துல, டிக்கெட் எடுக்காதவன் எவனும் மாட்டின உடனே 'ஆமா எடுக்கல'ன்னு சொன்னதில்ல தம்பி. சட்டைப் பையைத் தடவுவான். ஜன்னலைப் பார்ப்பான். பொண்டாட்டிகிட்ட இருக்கும்பான். இந்தப் பொண்ணு ஜன்னலையே பார்க்கலையே."

தாழ்வாரத்தில் ஜூன் மாதச் சரக்கு அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தது. கடைகளிலிருந்து அன்று காலைதான் திரும்ப வர ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் ஒரு பாட்டிலை எடுத்துப் போனில் காட்டினார்.

"மூடியைத் திறக்க வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். சிவப்புத் தொட்டியில் தனியாக வைக்கவும்."

இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

மச்சான் ஓடி வந்து பாட்டிலைப் பிடுங்கினார். "நடுவுல அச்சுப் பிளேட்டை மாத்தியிருப்பாங்க. நல்லதும் கலந்திருக்கும். எடுத்த இடத்துல வைங்க."

"கலந்திருக்கட்டும்" என்றார் கண்டக்டர். "கையில கெட்டது ஒண்ணுகூட வரலையேன்னு பார்த்தேன்."

*

யார்டு தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. நடுவில் பட்டறை போன்ற மேஜை. அதற்கு மேல் கம்பியில் ஒரு போன் தொங்கியது. பெண்கள் ஒவ்வொரு பாட்டிலாக அதன் முகத்தில் காட்டினார்கள். போன் சொன்னது. அவர்கள் செய்தார்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று தொட்டிகள் நிறைந்தன.

மேஸ்திரி ஒரு பெண். கண் போனவளின் தங்கை. என் நோட்டைப் பார்த்ததும் வாசலைக் காட்டினாள்.

"வெளிய போ."

"நான் கம்பெனி ஆள் இல்ல."

"கம்பெனி அனுப்பித்தானே வந்த? அப்ப கம்பெனி ஆள்தான். நாலரைக்கு ஸ்கூல் லாரி வருது. மாசக் கடைசி. ஊர்ல இருக்கிற அத்தனை ஸ்கூல் குப்பையும் வரும். உன்கூட நின்னு பேச நேரமில்ல."

"பாட்டிலைப் பார்த்தா போதும்."

"பார்த்து? எங்க அக்கா தப்புன்னு எழுதுவியா? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன் சொல்லும், செய்வா. இந்த போன் வந்த நாள்லேருந்து ஒரு பாட்டிலைத் தப்புத் தொட்டியில போட்டதில்ல. சொன்னதைச் செஞ்சதுக்குக் கண்ணு போச்சு. அதோ பாரு, அவ பொண்ணு. அம்மா இடத்துல இன்னிக்குத்தான் வந்து நிக்கிறா."

போனடியில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பெரிய கையுறை. அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

"உன் பொண்டாட்டிக்கு இப்படி ஆகியிருந்தா இந்த நோட்டைத் தூக்கிக்கிட்டு நிப்பியா?"

"அவ இல்ல."

ஒரு நொடி பார்த்தாள்.

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள்.

அதுவும் சரிதான்.

கண்டக்டர் நடுவில் புகுந்தார். "மேஸ்திரியம்மா, இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு பொண்ணை உள்ள தள்ளப் போறாங்க. அவதான் செஞ்சாளான்னு அந்தப் பாட்டிலுக்குத்தான் தெரியும். வேற யாரோ செஞ்சிருந்தா, அவன் இன்னிக்கு ராத்திரி நிம்மதியா படுத்துத் தூங்குவான். அது உங்களுக்குச் சம்மதம்னா நாங்க கிளம்பறோம். ரைட்."

அவள் பூட்டு போட்ட பெட்டியைத் திறந்தாள்.

பாட்டில் பாலிதீன் கவரில் இருந்தது. சூட்டில் ஒரு பக்கம் உருகிச் சப்பையாகியிருந்தது. லேபிள் பாட்டிலைச் சுற்றி வந்து, ஒரு ஓரத்தின்மேல் மறு ஓரம் ஏறி ஒட்டும் வகை. பொங்கிய சூட்டில் மேல் ஓரம் பசை விட்டு நிமிர்ந்திருந்தது.

"தொடாதே. கண்ணால பாரு."

"கவர் மேலதாம்மா" என்று கண்டக்டர் கட்டைவிரலைக் கட்டத்தின்மேல் வைத்தார். அப்படியே நின்றார். "தம்பி."

கட்டம் காணாமல் போயிருந்தது. நகத்துக்கு அடியில் முழுசாக அடங்கிவிட்டது.

நான் நோட்டில் ஒரு வரி எழுதினேன். கண்டக்டர் குனிந்து நிமிர்ந்த ஓரத்தை ஊதினார்.

"எறும்பு ஏறியிருக்கு."

மறுபடி ஊதினார். எறும்பு அசையவில்லை. கவரோடு தட்டினார். அதற்கும் அசையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஆறு கால், இரண்டு மீசை. நெல்லில் பாதி அளவு. உயிருள்ளது அல்ல. அச்சு. பசைக்கு அடியில், மேல் ஓரம் மூடி மறைக்கும் இடத்தில்.

"கம்பெனி சின்னமா?" என்றாள் மேஸ்திரி.

"கம்பெனி சின்னத்தை யாராவது பசைக்குக் கீழ ஒளிச்சு வைப்பாங்களா?" என்றேன்.

யாருக்கும் தெரியக் கூடாத இடத்தில் ஒருவன் எறும்பு போட்டிருக்கிறான். யார் என்று தொழிற்சாலையில் கேட்டால் மச்சான் காதுக்குத்தான் முதலில் போகும். யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். எடை மேடையில் ஒரு லோடு ஆட்டோ அட்டை மூட்டைகளோடு நின்றது.

கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்த எறும்பு வளர்ந்துடுச்சு."

ஆட்டோவின் பின்கதவில் கறுப்புப் பெயின்ட். மூன்று வட்டம், ஆறு கால், இரண்டு மீசை.

*

ஓட்டுநருக்கு நாற்பது வயது. ஒல்லி. எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்களாம். தொழிற்சாலையின் பெயரைச் சொன்னதும் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.

"அந்த ஆள் அனுப்பினவங்களோட பேச எனக்கு ஒண்ணுமில்ல. தள்ளுங்க, கால்ல ஏத்திடுவேன்."

"ஏத்துங்க" என்றார் கண்டக்டர். "ஏறிக்கிறோம்." சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "உள்ள இருக்கிற ஒரு பாட்டில்ல எறும்பு இருக்கு. உங்க சொந்தக்காரரா?"

எறும்பு வண்டியை அணைத்தார்.

லேபிள் மெஷின் ஓட்டியவர் அவர். எந்த ஷிப்டில் அச்சு கெட்டாலும் முதலாளி அவரைப் பார்த்துத்தான் கத்துவாராம். அதனால் தான் ஓட்டும் பிளேட்டில் மட்டும், ஒட்டு ஓரத்தில் ஊசியால் ஒரு எறும்பைக் கீறிவிடுவார். கீறலில் மை பிடிக்கும், அச்சாகும். ஒட்டியபின் யாருக்கும் தெரியாது.

"கம்ப்ளெயின்ட் வந்தா பிச்சுப் பார்ப்பேன். எறும்பு இருந்தா என் தப்பு, வாயை மூடிக்குவேன். இல்லேன்னா அவன் வாயை மூடுவேன். மெஷின்காரன் நாலு பேருக்குத்தான் தெரியும். பெரிய மனுஷங்க பசையைப் பிச்சுப் பார்க்க மாட்டாங்கல்ல."

"எப்ப வேலையை விட்டீங்க?"

"விடல. விரட்டினாரு. மெஷின் ரோலருக்கு மூடி போடுங்க, கை போகும்னு சொன்னேன். எதிர்த்துப் பேசினேனாம்." சீட்டுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்தார். "இதை வச்சுக்கிட்டு எங்கயும் வேலை கேக்க முடியல. கிழிச்சுப் போடவும் மனசு வரல."

கடிதத்தில் முதலாளியின் கையெழுத்து. தேதி, மார்ச் பதினொன்று.

நாலாவது உத்தரவு வந்தது மே மாதம்.

"கம்பெனிக்கு வரணும்" என்றேன்.

"செத்தாலும் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

"வண்டி வைக்கட்டும்" என்றார் கண்டக்டர். "நீங்க உள்ளயே உட்கார்ந்துக்கங்க."

மேஸ்திரி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் அட்டை மூட்டைமேல் ஏறினாள். அவள் இல்லாமல் பாட்டில் எங்கும் போகாது.

*

மூன்று ஐம்பத்தைந்து. வாசலில் போலீஸ் வண்டி. முதலாளி அறையில் அதிகாரி, முதலாளி, மச்சான், தங்கை. தங்கை கைப்பையை மடியில் வைத்துத் தயாராக இருந்தாள்.

எறும்பும் உள்ளே வந்திருந்தார். சொன்னதை வாசலில் மறந்துவிட்டார் போல.

"இவனை யாரு உள்ள விட்டது?" முதலாளி எழுந்தார்.

"என் எறும்பு ஏற்கெனவே உள்ளதான் இருக்கு" என்றார் எறும்பு.

மேஸ்திரி பாட்டிலை அறிக்கையின்மேல் வைத்தாள். நான் லென்ஸையும் கடிதத்தையும் அதிகாரியிடம் கொடுத்தேன். எறும்பின் கதையைச் சொன்னேன். அதிகாரி பார்த்தார், படித்தார், மறுபடி பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள அரை மணி ஆனது.

"அப்ப இந்த லேபிள் மார்ச்சுக்கு முன்னாடி அடிச்சது."

"மூணாவது உத்தரவு லேபிள். மே ஆறாம் தேதி கிழிச்சதாச் சொன்னது."

"கிழிச்சோம்!" என்றார் மச்சான். "போட்டோ இருக்கு!"

கண்டக்டர் போட்டோவை எடுத்து ஆட்டினார். "லட்சக்கணக்குல கறுப்புக் கட்டத்தைக் கிழிச்சா கூடை கரி மூட்டை மாதிரி இருக்கணும் சார். இதுல ஒரு பொட்டுக் கறுப்பு காட்டுங்க பார்ப்போம். காலையிலயே கேட்டிருப்பேன். யோவ்னு சொல்லி வாயை அடைச்சுட்டீங்க."

எறும்பு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது ஷீட்டு ஓரத்துல வர்ற கலர் பட்டை. மை சரியா இருக்கான்னு பார்க்கிறதுக்கு. வெட்டித் தினமும் மூட்டை மூட்டையாக் கொட்டுவோம்."

முதலாளி திரும்பினார். மச்சான் சுவரோடு ஒட்டினார்.

"ரெண்டாவது உத்தரவு வந்தப்ப நீங்க சொன்னீங்கன்னு மொத்தத்தையும் கிழிச்சேன் மாமா. மூணே மாசம். அதே லேபிள் திரும்ப வேணும்னு உத்தரவு வந்துச்சு. எல்லார் முன்னாடியும் என்னை என்ன பேசினீங்க? 'நாலு நாள் பொறுக்கத் தெரியாத மூதேவி'ன்னீங்க. அக்காவும் பக்கத்துல நின்னா. அதான் இந்தத் தடவை கிழிக்கல. எப்படியும் மறுபடி மாறும்னு பரண் மேல ஏத்தி வச்சேன்."

"வச்சது சரி. வெளிய எப்படிடா போச்சு?"

"புது லேபிள் தீர்ந்துபோச்சு. வண்டி நிக்குது. ரெண்டே ரெண்டு பண்டல்தான் எடுத்தேன். என்ன ஆகிடப் போகுதுன்னு…"

முதலாளி அறைந்த சத்தத்தில் வெளியே மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டினார்.

"இருங்க. பைல்ல பழைய வாசகம் எப்படி வந்தது? இவர் மாத்தினாரா?"

"இவனுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது" என்றார் முதலாளி.

"தெரியாது" என்றேன். "கண்டக்டர், விரல்."

கண்டக்டர் பாட்டிலின் கட்டத்தில் கட்டைவிரலை வைத்தார். மறைந்தது. புரூப்பின் கட்டத்தில் வைத்தார். மறையவில்லை.

"பாட்டில்ல ஒண்ணேகால். பைல்ல ரெண்டு. இந்தப் பைல்லேருந்து இந்த லேபிள் வந்திருக்கவே முடியாது. விபத்துக்கு அப்புறம் யாரோ பைலைத் தப்பாக்கியிருக்காங்க. வாசகத்தைப் பொய்யா வச்சாங்க. ஆனா கட்டத்தை விதியை விடச் சின்னதாப் போட அந்தக் கை ஒத்துக்கல. பொய் சொல்லும்போதும் ரெண்டு சென்டிமீட்டர். அப்படிப்பட்ட கை இந்தக் கம்பெனியில ஒண்ணுதான் இருக்கு."

தங்கை கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். முதல் முறையாக ஜன்னலைப் பார்த்தாள்.

"நீயா?" என்றார் முதலாளி. "உன் பைலை நீயே…? எதுக்குடி?"

"போன் என்ன வாசிச்சுதுன்னு சொன்னப்பவே பழைய லேபிள்னு தெரிஞ்சுது. உன் உத்தரவு இல்லாம குடோன்லேருந்து துரும்பு நகராதே. நீதான் எடுக்கச் சொல்லியிருப்பன்னு நெனச்சேன். தெரிஞ்சு செஞ்சா கம்பெனிக்குச் சீல். தெரியாமச் செஞ்சா எனக்கு மட்டும் ஜெயில்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? பைலைப் பார்த்த. உடனே போலீஸுக்குப் போன் பண்ண. 'நீயா செஞ்ச'ன்னு ஒரு வார்த்தை?" அவள் குரல் உயரவில்லை. "உன்மேல பாசம்னு நெனச்சுக்காத. உள்ள அறுபது பேர் வேலை பார்க்கிறாங்க."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேஸ்திரி தங்கையின் முன்னால் வந்தாள்.

"உன் பைலை நம்பித்தானே ஜூன் சரக்கு மொத்தத்தையும் திரும்ப வாங்கறாங்க?"

"ஆமா."

"அதெல்லாம் நல்ல லேபிள்."

தங்கையின் முகம் மாறியது. அவள் அதுவரை யோசிக்காத இடம் அது.

"அப்ப கெட்டது எங்க?" மேஸ்திரி திரும்பி மச்சானின் சட்டையைப் பிடித்தாள். "அந்த ரெண்டு பண்டல் எந்த வண்டியில போச்சு? சொல்லுடா!"

"ஜூலை மாச ஆர்டர்… ரெண்டாயிரம் பாட்டில்… ஸ்கூல் பாத்ரூமுக்கு. எல்லா ஸ்கூலுக்கும்."

மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாலு முப்பத்தெட்டு.

ஸ்கூல் லாரி நாலரைக்கு.

அவள் போனை எடுத்தாள். அவசரத்தில் ஒருமுறை தப்பாக அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஸ்பீக்கரைத் தட்டி மேஜையில் வைத்தாள். மணி அடித்தது. அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். தகரக் கூரையின் இரைச்சல். அதற்கு நடுவே, நிதானமாக, அந்தப் பெண் குரல்.

"மூடியைத் திறக்கவும். தண்ணீர் ஊற்றவும்."

"அதைக் கீழ வைடீ!" மேஸ்திரி கத்தினாள். "கையில இருக்கிறதைக் கீழ வை! தண்ணியைத் தொடாதே!"

தங்கை எழுந்து நின்றிருந்தாள். கைப்பை தரையில் கிடந்தது.

"சித்தி?" என்றது போன். "என்ன சித்தி? கெட்டது கடைச் சரக்குன்னாங்களே, இது ஸ்கூலோடது. போன்தானே சொல்லுது."

"ஊத்திட்டியா?"

"மூடி திறந்திருக்கேன். மக் கையில இருக்கு."

"தள்ளிப் போ. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு. நான் வர்றேன்."

மக் தரையில் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் சிமென்டில் ஓடும் சத்தம். காலடிகள். எறும்பு ஏற்கெனவே வெளியே ஓடி வண்டியைக் கிளப்பிவிட்டார். மேஸ்திரி பாட்டிலைக்கூட எடுக்காமல் போனாள். தங்கை பின்னாலேயே ஓடினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு பள்ளியாகக் கூப்பிடத் தன் போனை எடுத்தார்.

அறிக்கை மேஜைமேல் இருந்தது. பேனாவை மூடி முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

மேஸ்திரி விட்டுப்போன போனில் இணைப்பு இன்னும் இருந்தது. ஆள் இல்லாத கொட்டகையில் அந்தக் குரல் மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது.

"நன்றாகக் குலுக்கவும்."

கண்டக்டர் கையை நீட்டி அதை அணைத்தார்.